மெலிந்த உடம்பில் சீனி வருத்தம்: உண்ட கொழுப்பு எங்கே போகிறது?



சில மாதங்களுக்கு முன் எமது வானொலியில் நீரிழிவு பற்றி ஓர் உரை ஒலிபரப்பானது. உரை முடிந்ததும் ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "என்ரை மகள் ஈர்க்குக்குச்சி மாதிரி. உடம்பிலை கொழுப்பு எண்டு ஒண்டுமில்லை. அவளுக்கு எப்பிடிச் சலரோகம் வரும்?" என்று கேட்டார். நேரம் போதாததால் அன்று அதற்கு முழுமையான பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்காகவே இந்த உரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியர் அல்ல. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவள். மெலிந்தவர்களுக்குச் சீனி வருத்தம் வந்தால், பெரும்பாலும் அது எல்லோருக்கும் தெரிந்த முதலாம் வகையாகவோ இரண்டாம் வகையாகவோதான் இருக்கும். ஆனால் மிகச் சிலருக்கு, உடம்பில் கொழுப்பு இல்லாமற் போவதே நோயின் காரணமாக இருக்கிறது. அப்படி ஒரு நோய் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் தங்கையின் மகள், அதாவது என் பெறாமகள், அந்த நோயுடன் வாழ்கிறாள். அவளுடைய சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். "பெரியம்மா, நல்லெண்ணெய்க் கதையையும் எழுதுங்கோ" என்றாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நல்லெண்ணெயும் முட்டையும்

அவள் பதின்மூன்று வயதில் சாமத்தியப்பட்டாள். தங்கை இரண்டு இடங்களில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஊரில் எங்கள் அம்மா எங்களுக்குச் செய்ததையே நானும் செய்தேன். காலையில் பச்சை முட்டை, அதன்மேல் நல்லெண்ணெய். பிறகு உழுத்தங்களி. இடுப்புக்குப் பலம் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் அவளுடைய உடம்பு மாறியது. முகமும் கழுத்தும் உருண்டு நிரம்பின. கையும் காலும் மட்டும் மெலிந்துகொண்டே போயின. கெண்டைக்காலில் தசை திரண்டு, நரம்பு புடைத்துத் தெரிந்தது. "ஓட்டப் போட்டிக்குப் போற பிள்ளை போல" என்று சனம் சொன்னது. கழுத்தின் பின்பக்கமும் கக்கமும் கறுத்தன. அழுக்கென்று நினைத்துக் கடலைமாவும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தோம். அவளுக்கு எந்த நேரமும் பசி. மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை.

இருபது வயதில் சீனி கூட இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். இள வயது, மெலிந்த உடம்பு என்பதால் முதலாம் வகை என்று முதலில் எண்ணினார்கள். இன்சுலின் தொடங்கியது. அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், சீனி இறங்கவில்லை. வைத்தியரிடம் போகும்போது தாய் தகப்பனுக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர். அடங்காத பசியைப் பற்றியும் மாதவிடாய் பிசகுவதைப் பற்றியும் தகப்பனுக்கு முன்னால் அவள் வாய் திறக்கவில்லை.

நானோ, ஊசி போட்டுப் பிள்ளை உருகிப்போகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நெய் விட்ட புட்டு, தடித்த தேங்காய்ப்பால் விட்ட கறி, கிறீம் போட்ட பால் என்று கொடுத்தேன். "சாப்பிடு பிள்ளை, எலும்பும் தோலுமாய் இருக்கிறாய்" என்றேன்.

இருபத்திரண்டு வயதில், உறவுக்காரர் கலியாணம் ஒன்று முடிந்த மறுநாள் இரவு, தாங்க முடியாத வயிற்றுவலி. முதுகு வரை வலி, ஓயாத வாந்தி. அம்புலன்சில் கொண்டுபோனார்கள். சதையி, அதாவது கணையம், வீங்கியிருந்தது. தாதி எடுத்த இரத்தத்தைக் குழாயில் சற்று நேரம் நிறுத்திவைத்தபோது, மேலே தெளிந்து நிற்கவேண்டிய பகுதி பால் போல வெள்ளையாக நின்றது. இரத்தத்தில் இருந்த கொழுப்புத்தான் அந்த வெள்ளை. ட்ரைகிளிசரைட்டு என்ற கொழுப்பின் அளவு 45 மில்லிமோல் என்றார்கள். வெறும்வயிற்றில் அது 1.7க்குக் கீழே இருக்கவேண்டும். இலங்கை அறிக்கைகளில் 150 மில்லிகிராம் என்று போடுவதும் இதே அளவுதான். 10 மில்லிமோலைத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்து தொடங்குகிறது.

அன்று கடமையில் இருந்த ஒரு இளம் வைத்தியர் அவளுடைய கால்களைப் பார்த்தார். பிறகு தகப்பனிடம், உங்கள் கால்களையும் ஒருக்கால் காட்டமுடியுமா என்று கேட்டார். அங்கிருந்துதான் உண்மை வெளிவந்தது.

சாதாரண உடம்பில் கொழுப்பின் பயணம்

இந்த நோயை விளங்கிக்கொள்ள, நாங்கள் உண்ணும் கொழுப்பு சாதாரண உடம்பில் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

வடையில் உள்ள எண்ணெயாக இருந்தாலும், பாலில் உள்ள ஆடையாக இருந்தாலும், அதில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைட்டுத்தான். மூன்று கொழுப்பமிலங்கள் ஒரு கிளிசரோலில் கோத்து நிற்கின்றன. எண்ணெய் தண்ணீரில் கரையாது. ஆகவே சிறுகுடலில், ஈரல் சுரந்த பித்தம் வந்து அதைச் சிறு சிறு துளிகளாக உடைக்கிறது. சட்டி கழுவும்போது சவர்க்காரம் செய்யும் அதே வேலை. பிறகு சதையியிலிருந்து வரும் லைப்பேசு என்ற நொதியம் அந்தத் துளிகளை வெட்டிக் கொழுப்பமிலங்களைப் பிரிக்கிறது. குடற்சுவர் அவற்றை உறிஞ்சி, உள்ளே மீண்டும் ட்ரைகிளிசரைட்டாகக் கட்டி, புரதம் சுற்றிய பொதிகளாக்குகிறது. இந்தப் பொதிகளுக்குக் கைலோமைக்கிரோன் என்று பெயர்.

சோற்றிலிருந்து வரும் சீனி குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போகிறது. கொழுப்புப் பொதிகள் அப்படிப் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியாக நெஞ்சுக்கு ஏறி, இடது கழுத்தடியில் இரத்தத்தில் கலக்கின்றன. அதனால்தான் சாப்பிட்டு மூன்று முதல் ஐந்து மணித்தியாலங்கள் வரை இரத்தத்தில் கொழுப்பு ஏறிக்கொண்டே இருக்கும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஆரோக்கியமான ஒருவரின் இரத்தம் முழுவதிலும் வெறும்வயிற்றில் ஓடும் ட்ரைகிளிசரைட்டு மூன்று நான்கு கிராம்தான், ஒரு தேக்கரண்டி எண்ணெய் அளவு. ஆனால் ஒரு கலியாணச் சாப்பாட்டில் 80 கிராம் கொழுப்பு இருப்பது பெரிய விடயமல்ல. ஒரு தேக்கரண்டி நிற்கும் இடத்தில் கிட்டத்தட்ட இருபது தேக்கரண்டி வந்து சேர்கிறது. அதை உடனுக்குடன் யாராவது எடுத்து வைக்கவேண்டும்.

அந்த வேலையைச் செய்வது தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்புக் கலங்கள். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் அவற்றின் கதவைத் திறக்கிறது. இரத்தக்குழாயின் சுவரில் இருக்கும் இன்னொரு லைப்பேசு, ஓடிவரும் பொதிகளைப் பிரித்துக் கொழுப்பமிலத்தைக் கலத்துக்குள் அனுப்புகிறது. இரவில், பட்டினி நேரத்தில், இன்சுலின் குறையும்போது அதே கலங்கள் கொழுப்பை மெல்ல வெளியே விடுகின்றன. அந்த நேரத்தில் தசையும் இதயமும் அதில் இயங்குகின்றன. 60 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான ஒரு பெண்ணின் உடம்பில் 15 கிலோ கொழுப்பு இருப்பது சாதாரணம். எங்கள் ஊர் வீடுகளில் நெல்லைக் கட்டிவைத்த மாதிரி, இது உடம்பின் சேமிப்பு.

வீதியால் ஓடிய வெள்ளம்

லாங்கன்தாலுக்கு வந்தவர்கள், ஊரின் நடுவில் சில வீதிகளில் நடைபாதை மிக உயரமாகக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். முதன்முதலில் இங்கே குடிவந்தபோது ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று நான் யோசித்ததுண்டு. லாங்கெத்தே ஆறு பெருகும் நாட்களில் அந்த வெள்ளத்தை முற்காலத்தில் ஊரின் வீதி வழியாகவே ஓடவிட்டார்களாம். சனம் மேலே நடக்க, கீழே தண்ணீர் ஓடும். 1990களின் தொடக்கத்தில், ஊருக்கு மேற்புறத்தில் நிலத்துக்கடியில் ஒரு சுரங்கவழி அமைத்து, மிதமிஞ்சிய தண்ணீரை ஆரே ஆற்றுக்குத் திருப்பினார்கள். அதன் பின்புதான் வீதிக்கு ஆறுதல் கிடைத்தது.

கொழுப்பு இழையம் என்பது எங்கள் உடம்பில் அந்தச் சுரங்கவழி போன்றது. என் பெறாமகளின் உடம்பில் அந்த வழி பாதி அடைபட்டிருக்கிறது. வெள்ளம் வீதிக்கு வருகிறது.

வீதி என்று நான் சொல்வது எவற்றை? முதலாவது இரத்தம். பொதிகளை எடுத்து வைக்க இடமில்லாததால் அவை இரத்தத்திலேயே சுற்றுகின்றன. குழாயில் பால் போலத் தெரிந்தது அதுதான். சதையியின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் அந்தக் கொழுப்பு உடைந்து, வெளிவரும் கொழுப்பமிலம் சதையியைப் புண்ணாக்குகிறது. இரண்டாவது ஈரல். கொழுப்பு அங்கே படிந்து ஈரல் வீங்குகிறது. குடிப்பழக்கமே இல்லாத பிள்ளைக்கு நாளடைவில் ஈரல் கல்லாவதற்கும் இடமுண்டு. மூன்றாவது தசை. ஈரலும் தசையும் கொழுப்பைச் சேமிக்க ஏற்பட்ட உறுப்புகள் அல்ல. அங்கே கொழுப்பு நிறைந்தால், இன்சுலின் சொல்வதை அவை கேட்பதில்லை. தசை சீனியை எடுக்காது, ஈரல் சீனி செய்வதை நிறுத்தாது. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈற்றில் களைத்துப்போகிறது. இப்படித்தான் மெலிந்த உடம்பில் சீனி வருத்தம் வருகிறது. இவர்களில் சிலருக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான அலகு இன்சுலின் போட்டாலும் சீனி இறங்காததன் காரணமும் இதுவே.

கழுத்தில் வந்த கறுப்பும் இதன் அடையாளம்தான். இரத்தத்தில் இன்சுலின் மிதமிஞ்சி இருப்பதால் தோல் தடித்துக் கறுக்கிறது. நாங்கள் தேய்த்தது அழுக்கை அல்ல, பிள்ளையின் தோலை.

பசி ஏன் அடங்கவில்லை?

கொழுப்புக் கலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது 1994இல் தெரியவந்தது. அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் என்ற ஆய்வாளரின் குழு, லெப்டின் என்ற ஓமோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புக் கலங்கள் இதைச் சுரந்து, "சேமிப்பு போதும்" என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. கொழுப்பு இல்லாதவர்களிடம் லெப்டின் மிகக் குறைவு. ஆகவே மூளை, வீட்டில் நெல்லே இல்லை என்று நினைத்து ஓயாமல் பசியைத் தூண்டுகிறது. பசி கூடக்கூடச் சாப்பாடு கூடும், வைக்க இடமில்லாத உடம்பில் வெள்ளமும் கூடும். என் பெறாமகளை "இவ்வளவு சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லையே" என்று நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம். அவளுடைய பசி ஆசையால் வந்ததல்ல என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

இந்த நோயின் கதை

மருத்துவ உலகில் இந்த நோய்க் கூட்டத்துக்கு லிப்போடிஸ்ட்ரோபி என்று பெயர். கொழுப்பிழைய இழப்பு என்று தமிழில் சொல்லலாம். 1946இல் லண்டனில் ஆர். டி. லோறன்ஸ் என்ற வைத்தியர், உடம்பின் கொழுப்பை இழந்து, ஈரல் வீங்கி, நீரிழிவும் வந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி விரிவாக எழுதினார். லோறன்சும் ஒரு நீரிழிவு நோயாளி. 1920களில் இன்சுலின் வந்ததால் உயிர் பிழைத்தவர். 1954இல் பிறேசிலில் பெரார்டினெல்லியும், 1959இல் நோர்வேயில் செய்ப்பும், பிறவியிலேயே கொழுப்பில்லாத குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். 1970களில் ஸ்கொட்லாந்தில் டனிகன் என்ற வைத்தியர், பருவ வயதில் கை கால்களில் மட்டும் கொழுப்பை இழக்கும் குடும்பங்களைக் கண்டார். என் பெறாமகளுக்கு இருப்பது இந்த வகை.

எலியில் செய்த ஒரு பரிசோதனை எனக்கு எல்லாவற்றையும் விளங்கவைத்தது. 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வெள்ளைக் கொழுப்பே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குக் கடுமையான நீரிழிவு வந்தது, ஈரல் கொழுத்தது. 2000ஆம் ஆண்டில், ஆரோக்கியமான எலியின் கொழுப்பை எடுத்து அந்த எலிகளின் தோலுக்குக் கீழே பதித்தார்கள். நீரிழிவு மாறியது. கொழுப்பைக் கூட்டியதால் சீனி குறைந்தது! கொழுப்பு என்றாலே நஞ்சு என்று நினைத்திருந்த எனக்கு, அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் காவல் என்று அப்போதுதான் புரிந்தது.

மனிதருக்கு லெப்டின் ஊசி கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2002இல் வெளியாகின. ஒன்பது பெண்களுக்கு நான்கு மாதங்கள் கொடுத்தார்கள். ட்ரைகிளிசரைட்டு சராசரியாக 60 வீதம் குறைந்தது. மூன்று மாதச் சீனிக் கணக்கைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்ற அளவு 1.9 புள்ளிகள் இறங்கியது. வீங்கிய ஈரலும் சுருங்கியது. மெட்ரெலெப்டின் என்ற அந்த மருந்தை அமெரிக்கா 2014இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2018இலும் அனுமதித்தன. ஆனால் எல்லோருக்கும் இது கொடுக்கப்படுவதில்லை. முழு உடம்பிலும் கொழுப்பை இழந்தவர்களுக்கே முதன்மையாகப் பயன்படுகிறது. ஐரோப்பாவில் என் பெறாமகள் போன்றவர்களுக்கு, மற்ற மருந்துகள் பலிக்காவிட்டால் மட்டுமே யோசிப்பார்கள். பக்க விளைவுகளும் உண்டு. அவள் இன்று வரை மெட்போமின், இன்சுலின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு சமாளிக்கிறாள்.

எங்கள் அடுப்படியில் என்ன மாறியது?

ஆஸ்பத்திரியில் இருந்த முதல் நாட்களில் கொழுப்பை அநேகமாக முற்றாக நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்தபின் உணவு ஆலோசகர் ஒருவர் எங்களோடு உட்கார்ந்து, எங்கள் சாப்பாட்டையே வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 14 கிராம் கொழுப்பு. அது எந்த எண்ணெயாக இருந்தாலும் அதே கணக்குத்தான். 100 மில்லிலீற்றர் தடித்த தேங்காய்ப்பாலில் சுமார் 20 கிராம். கடையில் வாங்கும் ஃபோல்றாம் கிறீமில் 35 கிராம். நான் அன்பாகக் கொடுத்த ஒரு கோப்பைப் பாலில் எவ்வளவு இருந்தது என்று கூட்டிப் பார்த்தபோது, என்னால் பேச முடியவில்லை.

இப்போது அவளுக்குச் சொதியைக் கடைசிப் பாலில் வைக்கிறோம். மீனைப் பொரிக்காமல் குழம்பாகவோ அவித்தோ கொடுக்கிறோம். தாளிக்கும் எண்ணெயைக் கரண்டியால் அளக்கிறோம். ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிடாமல், நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சாப்பிடுகிறாள்.

கொழுப்பை மட்டும் குறைத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். ஈரல், மிஞ்சிய சீனியையும் மாச்சத்தையும் கொழுப்பாக மாற்றக்கூடியது. அதனால் குளிர்பானம், சீனி போட்ட தேத்தண்ணி, பழச்சாறு ஆகியவையும் அவளுடைய இரத்தத்தில் கொழுப்பாகத்தான் முடியும். சோற்றைக் குறைத்து, பருப்பு, கீரை, மரக்கறியைக் கூட்டினோம். மதுவும் ட்ரைகிளிசரைட்டை ஏற்றும்.

தேங்காயெண்ணெய் உடனே எரிந்துவிடும், உடம்பில் தங்காது என்று பலர் எங்களுக்குப் புத்தி சொன்னார்கள். ஆலோசகரிடமே கேட்டோம். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்று ஒரு வகை உண்டு. அது நிணநீர் வழியாகப் போகாமல் நேரே ஈரலுக்குப் போகும். தேவை ஏற்பட்டால் வைத்தியர் சொல்லித் தனியான எண்ணெயாக அதைக் கொடுப்பார்கள். ஆனால் தேங்காயெண்ணெயில் பாதியளவு லோரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்றக் கொழுப்பைப் போலவே பொதியாகி இரத்தத்துக்கு வருகிறது. ஆகவே இந்த நோய்க்குத் தேங்காயெண்ணெய் மருந்தாகாது.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள்

இது மிக அரிதான நோய். பத்து இலட்சம் பேரில் ஒரு சிலருக்கே கண்டறியப்படுகிறது. ஆகவே யாரும் பயப்படவேண்டாம். ஆனால் பின்வருவனவற்றில் பல ஒன்றாக இருந்தால் வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

1. கை கால்களில் கொழுப்பே இல்லாமல் தசையும் நரம்பும் புடைத்துத் தெரிதல். முகமும் கழுத்தும் மட்டும் நிரம்பியிருக்கலாம்.
2. மெலிந்த உடம்போடு, மிகக் கூடிய இன்சுலினுக்கும் அடங்காத நீரிழிவு.
3. மிக உயர்ந்த ட்ரைகிளிசரைட்டு, கொழுத்த ஈரல், அல்லது கணைய அழற்சி.
4. கழுத்திலும் கக்கத்திலும் வெல்வெட் போன்ற கறுப்பு.
5. அடங்காத பசி, மாதவிடாய் ஒழுங்கின்மை.
6. குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே உடல்வாகு.

கடைசி விடயம் முக்கியமானது. டனிகன் வகையில், பழுதடைந்த மரபணு தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் பிள்ளைக்கு அது தகப்பன் வழியில் வந்தது. அவருக்கும் பல வருடமாகச் சீனியும் கொழுத்த ஈரலும் இருந்தன. ஆண்களின் கால்கள் இயல்பாகவே தசையாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படவில்லை. பிறவியிலேயே முழுதாகக் கொழுப்பில்லாத வகைக்கு, இரு பக்கமும் பழுதான மரபணு வரவேண்டும். நெருங்கிய உறவுக்குள், மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் செய்த குடும்பங்களில் இதற்கு இடம் கூடுதல். இதில் யாரையும் குற்றம் சொல்ல எதுவுமில்லை. மரபணு ஆலோசனை பேர்ன் இன்செல் மருத்துவமனை போன்ற பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

இளம் பெண்களுக்கு இன்னொரு வார்த்தை. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ட்ரைகிளிசரைட்டை ஏற்றக்கூடியது. கர்ப்பமும் ஏற்றும். இவ்வாறான நோய் இருந்தால், மாத்திரை எடுக்குமுன்னும் பிள்ளை பெற நினைக்கும்போதும் வைத்தியரிடம் பேசுங்கள்.

எங்கள் எல்லோருக்கும் உரிய பாடம்

இந்த அரிய நோய் எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கும் ஒரு விடயத்தைக் காட்டித் தருகிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு வைத்தியர்களின் படம் ஒன்றாக வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தெற்காசியர்களாகிய எங்களுக்கு, மெலிந்து தெரிந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்வது அதிகம். தோலுக்கடியில் வைக்கும் இடம் எங்களுக்குச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதன் பிறகு வழிவது ஈரலுக்குத்தான். அதனால்தான் தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் என்கிறார்கள். தராசு மட்டும் பார்த்துத் திருப்திப்படவேண்டாம். ஒரு அளவுநாடாவும் வைத்திருங்கள்.

சுவிசில் எங்களுக்குள்ள வசதிகளையும் பயன்படுத்துங்கள். நீரிழிவு போன்ற வளர்சிதைமாற்ற நோய்களுக்கு, வைத்தியர் எழுதித் தந்தால், உணவு ஆலோசனைக்கான செலவை அடிப்படைக் கிராங்கன்காசா ஏற்கிறது. முதலில் ஆறு தடவை வரை போகலாம். கழிவுத்தொகையும் உங்கள் பங்கும் வழமைபோல உண்டு. போகும்போது வீட்டில் வழமையாகச் சமைப்பதை எழுதிக்கொண்டு போங்கள். பாஷை போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். எங்கள் பிள்ளை சொல்லாமல் விட்ட இரண்டு விடயங்களும் வைத்தியருக்கு மிகவும் தேவையானவையாக இருந்தன.

அவள் இப்போது குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறாள். ட்ரைகிளிசரைட்டு இன்னும் 4 மில்லிமோல் அளவில்தான் நிற்கிறது. அதுவும் கூடத்தான், ஆனால் அந்த இரவுக்குப் பிறகு வயிற்றுவலி வரவில்லை. என் வீட்டுக்கு வந்தால், நான் சட்டியைத் திறக்குமுன் அவளே கரண்டியை எடுத்து எண்ணெயை அளக்கிறாள். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

அன்று தொலைபேசியில் கேட்ட அம்மாவுக்கு என் பதில் இதுதான். உங்கள் மகளுக்கு என்ன வகை என்று என்னால் சொல்லமுடியாது. ஆனால் மெலிந்திருக்கிறாள் என்பதற்காக நெய்யும் எண்ணெயும் ஊட்டுமுன், அவளுடைய ட்ரைகிளிசரைட்டை ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள். வெறும்வயிற்றில் எடுக்கும் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைதான். நான் அதைக் கேட்க ஒன்பது வருடம் பிந்திவிட்டேன். நீங்கள் பிந்தவேண்டாம்.